அளவெடுத்துத் தைத்த பிரேக்

எங்கள் பட்டறை வாசலில் தொங்கும் பலகையில் இரண்டே வார்த்தைதான்: பிரேக் மட்டும். கடைப் பெயரும் கிடையாது, முதலாளி பெயரும் கிடையாது. இன்ஜின் புகைகிறது, ஏசி குளிரவில்லை என்று யாராவது வந்து நின்றால் அண்ணி வண்டிக்கு அடியில் படுத்தபடியே குரல் கொடுப்பாள்.

"ஓடலைன்னா வேற கடைக்குப் போங்க. நிக்கலைன்னா இங்க வாங்க."

நான் அவளுடைய நாத்தனார். பட்டறையில் போன் எடுப்பது, சாமான் வரவழைப்பது, வருகிறவர்களிடம் சண்டை போடுவது எல்லாம் என் பொறுப்பு. கடைசி வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். அண்ணி என்னைவிட வயதில் சின்னவள். முறைக்கு அண்ணி என்று கூப்பிடுகிறேன், அதற்கு மேல் வாங்க போங்க எல்லாம் எங்களுக்குள் கிடையாது. அவள் என்னை வக்கீலம்மா என்பாள்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தால் ஊர் வேடிக்கை பார்க்கத் தயாராக நிற்கும். நிற்கட்டும். எங்களுக்குள் தினம் சண்டைதான். ஆனால் அவள் கைபட்ட பிரேக்கைப் பற்றி வெளியாள் ஒரு சொல் குறைத்துச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எங்கள் வீட்டு ரத்தம் அப்படி.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு துணித் தொழிற்சாலையில் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவள். நீளமான கூடம், வரிசை வரிசையாக மெஷின்கள், எது மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மிதியில் வைப்பாள். இரண்டு தரம் மிதித்ததும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, உள்ளே நூல் சிக்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். எல்லாம் உள்ளங்கால் வழியாகவே அவளுக்கு வந்துவிடும். அங்கே சரக்கு எடுக்க லாரி ஓட்டி வந்தவன் என் அண்ணன்.

அண்ணனிடம் அப்போதே ஒரு கார் இருந்தது. நாங்கள் பிறப்பதற்கு முன்னால் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை இல்லை, நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் போகும். காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்து, தன் கையாலேயே தட்டிக்கொட்டி ஓட வைத்தான். அவளிடம் பந்தா காட்ட ஒருநாள் தொழிற்சாலை வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து, வெறுங்காலால் பிரேக்கை ஒருமுறை அழுத்தினாளாம்.

"இந்த வண்டியிலயா இவ்வளவு தூரம் வந்தீங்க? உசுரு மேல ஆசையே இல்லையா?"

அண்ணன் அங்கேயே விழுந்தான். கார் நின்றதோ இல்லையோ, அவன் நின்றுவிட்டான்.

தையல் மெஷினிலிருந்து கார் பிரேக்குக்கு வந்தது எப்படி என்று கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். "ரெண்டும் மிதிதானே?" என்பாள். பழைய வண்டிகளின் பிரேக் பிடிக்கும், ஆனால் மிதிக்கும்போது சதசதவென்று உள்ளே போகும். சேற்றில் கால் வைத்தது மாதிரி. எங்கே பிடிக்கப்போகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அந்தச் சதசதப்பை எடுத்து மிதிக்கு ஒரு நிதானம் கொடுப்பதுதான் அவள் வேலை. குழாயில் காற்று புகுந்திருக்கும், பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தும்போது உப்பும், மிதி ஆடுகிற இடத்தில் புஷ் என்கிற வளையம் தேய்ந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பாள். "பிரேக் பிடிச்சா மட்டும் போதாது வக்கீலம்மா. பிடிக்கப்போறேன்னு காலுக்கு முன்னாடியே சொல்லணும்." கடைசியில் செருப்பைக் கழற்றி வண்டிக்கு வெளியே விட்டுவிட்டு வெறுங்காலால் ஓட்டிப் பார்ப்பாள். கார் கதவருகே அவள் செருப்பு கிடந்தால் பட்டறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. நான்கூடத் திறக்க மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செருப்பை வைத்து அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. எங்கள் தெரு சரிவானது. பட்டறை நடுச்சரிவில், வீடு அதன் மாடியில். மேலேயிருந்து கார் சத்தம் கேட்டதும் அண்ணி செருப்பைக் கழற்றி வாசலில், தெரு ஓரமாக வைப்பாள். அண்ணன் சரிவில் இறங்கி வந்து, முன்சக்கரம் செருப்பை ஒட்டி நிற்கும்படி நிறுத்த வேண்டும். நடுவே ஒரு விரல் போகலாம், இரண்டு விரல் போகக் கூடாது. நிறுத்திவிட்டால் அன்று பாத்திரம் கழுவுவது அவள். செருப்பு மேல் ஏற்றிவிட்டாலோ, தள்ளி நின்றாலோ அவன். அண்ணி செருப்பு எல்லாமே முன்பக்கம் நசுங்கித்தான் இருக்கும். அண்ணன் கையெல்லாம் சோப்பு வாசம். கழுதை வயதில் என்னடா விளையாட்டு என்று திட்டுவேன். திட்டிவிட்டு, மறுநாள் யார் ஜெயிக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதும் நான்தான்.

பிறகு அண்ணன் லாரி ஓட்டிய கம்பெனியின் கிடங்கில் ஒரு விபத்து நடந்தது. அடுக்கியிருந்த இரும்புச் சுருள் ஒன்று உருண்டு வந்து அண்ணனின் வலது பாதத்தின் மேல் ஏறியது. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை எடுத்துவிட்டார்கள். செயற்கைப் பாதம் பொருத்தி, நடக்கப் பழகி, மாடிப்படி ஏறப் பழகி, அதே கிடங்கில் மேசை வேலைக்குத் திரும்பினான். பயிற்சி வண்டியில் ஓட்டிப் பழகி லைசென்ஸும் திரும்ப வாங்கினான். டாக்டர் சரி என்றார், லைசென்ஸ் ஆபீஸில் சரி என்றார்கள். சரி என்று சொல்லாதது அந்தக் கார் மட்டும்தான்.

இடது கால் கிளட்சுக்குப் போய்விடும். பிரேக்குக்கு வலது கால்தான், அதாவது பாதம் இல்லாத கால். அண்ணன் காரைப் பட்டறை மூலையில் துணி போட்டு மூடிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தான். அண்ணியின் செருப்புகள் அதற்குப் பிறகு நசுங்கவில்லை, புதிதாகவே இருந்தன.

அவன் திரும்ப அந்தக் காரை ஓட்ட வேண்டும் என்பதில் அண்ணி உறுதியாக இருந்தாள். கார் ஆசையால் இல்லை. அவன் முகத்தில் ஏதோ அணைந்துபோயிருந்தது, அது அந்த ஸ்டியரிங் பிடித்தால்தான் எரியும் என்று அவளுக்குத் தெரியும். "அவருக்கு ஏத்த மாதிரி பூ மாதிரி பண்ணிடறேன்" என்றாள். பெரிய வண்டி ஒன்றிலிருந்து பூஸ்டர் எடுத்துவந்து மாட்டினாள். பூஸ்டர் இருந்தால் லேசாகத் தொட்டாலே போதும், மீதி பலத்தை அது கொடுத்துவிடும். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. வெறுங்காலால் ஓட்டிப் பார்த்து, கால் விரல் நுனியிலேயே நிற்கிறது என்று குதித்தாள். எதிர்வீட்டு டிரைவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய்ம்மா, வெண்ணெய்!" என்றார்.

அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தோம். பட்டறையின் பின்முற்றத்தில் மெதுவாக ஒரு சுற்றுதான். முதல் தடவை பிரேக் போட்டபோது கார் குதித்து நின்று, அவன் நெற்றி கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் வந்தது. இரண்டாம் தடவை சுவருக்கு அருகில் போய் நின்றது. அவன் இறங்கினான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"வித்துடலாம்."

"ஏங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னாங்களே!"

"அழுத்தினேனா இல்லையான்னு வண்டி நின்ன பிறகுதான் எனக்குத் தெரியுது. நீ எத்தனை தடவை பிரிச்சு மாட்டினாலும் கால் முளைக்காது. விடு."

அவன் படியேறிப் போய்விட்டான். அந்த வாரமே அண்ணன் ஆள் பார்த்துவிட்டான். ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், பழைய கார் பிரியர், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். வந்தால் வாங்கிக்கொண்டுதான் போவார் என்பது போனில் அவர் குரலிலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது நடக்காவிட்டால் கார் போய்விடும். கார் போனால் அண்ணனும் அந்த மேசையோடு அப்படியே உட்கார்ந்துவிடுவான். இதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பயம்.

அந்தப் போன் வந்த மறுநாள் காலை பட்டறைக்குள் நுழைந்தபோது அண்ணி தரையில் உட்கார்ந்து, தன் வலது காலில் மரப்பலகை ஒன்றை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கணுக்கால் மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் சிம்பு வைத்து, மேலே துணி சுற்றி, அதற்கு மேல் அண்ணனின் பழைய ஷூ.

"என்ன அண்ணி, மாறுவேடப் போட்டியா?"

"கையைக் குடு."

தூக்கிவிட்டேன். இரண்டு அடி வைத்ததும் தொப்பென்று விழுந்தாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன். தத்தித் தத்திக் காருக்குள் ஏறி முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினாள். சுவரோரம் கார் குதித்து நின்றது, அன்று அண்ணனுக்கு நின்ற அதே இடத்தில்.

உள்ளேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்: "என் காலுக்குத் தச்சுட்டேன் வக்கீலம்மா."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே ஆனைக்குச் சறுக்கியதற்குக் காரணமே அதன் கெட்டிக்கார அடிதான். தன் உள்ளங்காலை நம்பியே வாழ்ந்தவள் உள்ளங்கால் இல்லாதவனுக்கும் அதை வைத்தே அளவெடுத்திருக்கிறாள். லேசாகத் தொட்டால் அவளுக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு எதுவானாலும் முழங்காலுக்கும் தொடைக்கும் வந்து சேர்ந்தால்தான் சேதி. "மெத்தையில குச்சியால குத்தற மாதிரி இருக்கு. அவருக்கு மெத்தை வேணாம். சுவர் வேணும்" என்றாள்.

"கால் போனவனுக்குக் கல்லு மாதிரி பிரேக்கா? உனக்குக் கொஞ்சமாவது ஈரம் இருக்கா?"

"தொடையில பலம் இருக்குல்ல? கல்லா இருந்தாத்தான் எவ்வளவு அழுத்தறோம்னு தெரியும். பரிதாபப்பட்டு லேசாக்கினதாலதான் கெட்டுச்சு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நானும் விடாமல் கத்தினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை, பூஸ்டரைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டாள். உப்புகிற ரப்பர் ஹோஸ்களை எடுத்துவிட்டு எஃகு வலை போர்த்திய ஹோஸ்களை மாட்டினாள். மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை ஒரு சுற்றுப் பெரியதாக மாற்றினாள், அப்போதுதான் மிதி அதிகம் உள்ளே போகாமல் சீக்கிரமே எதிர்த்து நிற்குமாம். தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் வெண்கலத்தில் புதியது கடைந்து வந்தது, மிதியின் பக்கவாட்டு ஆட்டம் நின்றது. மிதித்தட்டை அகலமாக்கி, செயற்கைப் பாதம் வழுக்கிவிடாமல் ஓரத்தில் சின்ன விளிம்பு வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் பலகைக் காலோடு ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கணுக்கால் கன்றிப்போய்விட்டது. மருந்து தடவிவிட்டது நான்தான், திட்டிக்கொண்டே.

கடைசியாகப் பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் உள்ளே மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் இருந்து திருகைத் திறந்து மூட வேண்டும். முன்பெல்லாம் அண்ணன் மிதிப்பான். விபத்துக்குப் பிறகு நான்.

"அழுத்து."

"அழுத்தியாச்சு."

"பிடிச்சுக்கோ... ம், விடு."

குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது, பிறகு வெறும் ஆயில் மட்டும் வந்தது. மிதி என் காலுக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானது. கடைசியில் ஓரங்குலம்கூடப் போகவில்லை, சுவரைத்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தொடை வலித்தது. வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் எவ்வளவு அழுத்தினேன் என்பது எனக்கு அப்படியே தெரிந்தது. தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

ஆனால் அண்ணன் இறங்கி வரவில்லை. அண்ணி கூப்பிட்டாள், நான் கூப்பிட்டேன். "ஒருதடவை பார்த்தாச்சு. போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். பிரேக் தயார், காலும் தயார், ஆள்தான் தயாராக இல்லை. சனிக்கிழமை முழுக்க அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. சாவியைத் துடைத்து ஆணியில் மாட்டினாள், கழற்றி மறுபடி துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை துணிக்கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. பளபளக்கும் ஷூ, மடிப்புக் கலையாத சட்டை. அண்ணன் காரை வாசலில் தெரு ஓரமாக நிறுத்தச் சொன்னான், அண்ணி ஓட்டிவந்து நிறுத்திவிட்டு இறங்கினாள். அவர் சுற்றி வந்தார், பெயின்டைத் தடவினார், உள்ளே உட்கார்ந்து கியரை ஆட்டினார். பிரேக்கை மிதித்தார். இன்னொரு தரம் மிதித்தார். முகம் சுளித்தது.

"என்னங்க இது, பிரேக் இப்படி இருக்கு? இறங்கவே மாட்டேங்குது. எங்கேயோ அடைச்சுக்கிட்டிருக்கு. நல்ல மெக்கானிக்கா பார்த்துக் காட்டியிருக்கலாமே."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன சொன்னீங்க?"

அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் என்னை யாராவது அடித்துவிட்டு ஓடினால் அவன் காது அப்படித்தான் சிவக்கும். எங்கள் வீட்டு ரத்தம் என்று முதலிலேயே சொன்னேனே.

"இல்லைங்க, பிரேக் கொஞ்சம்..."

"என் பொண்டாட்டி பிரேக்குல குறையா? இறங்குங்க சார். அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

அவர் தலைகால் புரியாமல் இறங்கி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அண்ணன் கையை நீட்டினான். அண்ணி சாவியை வைத்தாள். அவனுக்கே, தான் என்ன செய்கிறோம் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்டியரிங்கில் கை வைத்ததும் ஒரு கணம் அப்படியே இருந்தான். பிறகு வலது காலைத் தூக்கிப் பிரேக் மேல் வைத்து அழுத்தினான். தலையைச் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்கிறவன் மாதிரி இன்னும் அழுத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான்.

"ஏய்," என்றான் அண்ணியைப் பார்த்து, "இது எப்ப பண்ணினே?"

"நீங்க கதவைச் சாத்தியிருந்தப்போ."

கார் நகர்ந்தது. சரிவில் இறங்கியது. நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன், அல்லது அவள் என் கையை. தெருமுனையில் சந்திப்பு, வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெகு முன்னாலேயே பின்விளக்குகள் சிவந்தன. குதிக்கவில்லை, திணறவில்லை. வண்டி வேகம் குறைந்து, குறைந்து, கோட்டில் நின்றது. பிறகு இடது பக்கம் திரும்பி மறைந்தது.

பின்தெரு வழியாகச் சுற்றி மேலேயிருந்துதான் திரும்பி வர முடியும். அண்ணி அசையாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் சத்தம் தூரத்தில் தேய்ந்து, பிறகு தெருவின் மேல்முனையில் கேட்டது. அவள் செருப்பைக் கழற்றினாள். வாசலில், தெரு ஓரமாக, பழைய இடத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு தள்ளி நின்றாள்.

"வேணாம் அண்ணி," என்றேன். "மேல ஏத்திட்டான்னா மனசு விட்டுடுவான்."

"ஏத்த மாட்டார்."

அவ்வளவு உறுதியாக அவள் சொன்னதில் எனக்கே ஒரு தைரியம் வந்தது. கார் சரிவில் இறங்கி வந்தது. அண்ணன் செருப்பைப் பார்த்துவிட்டான். அது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவன் உதடு பழையபடி ஒரு பக்கமாகக் கோணியது. நீண்ட மூக்கு எங்களைத் தாண்டி வந்து, மெல்ல, மெல்ல நின்றது. இன்ஜினை அணைத்தான்.

அண்ணி குனிந்தாள். சக்கரத்துக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு விரலை விட்டாள். போனது. இரண்டாவது விரலைச் சேர்த்து வைத்தாள். போகவில்லை.

துணிக்கடைக்காரர் இறங்கி வந்து, நெற்றியைத் துடைத்தபடி, "நல்லாத்தான் நிக்குதுங்க," என்றார். "ஆனா எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கல்லு மாதிரி இருந்துச்சு?"

"இது ரெடிமேட் இல்லைங்க," என்றான் அண்ணன். "எனக்கு அளவெடுத்துத் தச்சது. வேற யாருக்கும் பொருந்தாது. மன்னிச்சுக்கோங்க, விக்கலை."

அவர் தொழில் தெரிந்தவராகத் தலையாட்டினார். அவருக்கு நான் டீ போட்டுக் கொடுத்து, சண்டை போடாமல் அனுப்பினேன். என் வாழ்க்கையில் அப்படி அனுப்பிய முதல் ஆள் அவர்தான்.

அண்ணன் இன்னும் காரிலேயே உட்கார்ந்திருந்தான். அண்ணி தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவன் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"எத்தனை விரல்?"

"ஒண்ணு."

"அப்போ இன்னைக்குப் பாத்திரம் உன்னோடது."

ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை. செயற்கைப் பாதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதும், கால் முளைக்காது என்று அவன் சொன்னபோதும்கூட அழவில்லை. இப்போது நடுத்தெருவில் உட்கார்ந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

மதியம் எல்லாப் பாத்திரத்தையும் அவளே கழுவினாள், கழுவ வேண்டாததைக்கூட அலமாரியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு. உதவிக்குப் போன என்னை விரட்டிவிட்டாள்.